கண்ணை மூடிக் கேட்டவர்

வெயில் ஏறாத ஞாயிற்றுக்கிழமைக் காலை. பைக் ரேஸ் மைதானத்தின் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் எங்கள் மகள். அவள் காது இரண்டிலும் பஞ்சு.

வண்டிகள் கூட்டமாக வளைவு திரும்பி வருகின்றன. வேலியோரம் நிற்கிறவர்கள் எல்லாரும் எம்பி எம்பிப் பார்க்கிறார்கள். இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

வண்டிகள் எங்களைக் கடக்கின்றன. காற்று என் புடவைத் தலைப்பை ஒருமுறை இழுத்துவிட்டுப் போகிறது. தரை கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்குகிறது.

"நாலாவதா போனான் பாரு, அவன் வண்டில செயின் தளர்ந்து கீது" என்கிறார், கண்ணைத் திறக்காமலே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் சொல்லுதே."

அடுத்த சுற்றில் அந்த வண்டி வரவில்லை. தூரத்தில் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு புல்லில் இறங்குவது தெரிகிறது. மகள் கை தட்டுகிறாள். அப்பா ஏதோ மந்திரம் போட்டு நிறுத்திவிட்டார் என்று அவளுக்கு நினைப்பு.

அது எந்த வருஷம் என்று சொல்லத் தெரியவில்லை. மகளுக்கு முன்பல் விழுந்திருந்த காலம். அவ்வளவுதான் ஞாபகம்.

ஆமணக்கெண்ணெய் வாசம்

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்துச் சில வாரங்கள் ஓடிவிட்டன. பருத்திப்பட்டு ஏரியை எழுதினேன். விழுப்புரத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் 'இருக்கிறேன்' என்பதைக் 'கீறேன்' என்கிற இந்த ஊர்ப் பேச்சு புரியாமல் நான் விழித்ததை எழுதினேன். ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எல்லாரும் வருகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் மட்டும் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விடுகிறாரே, ஏன்?"

அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை அம்மா. எழுத உட்கார்ந்தால் கை தானாக வேறு பக்கம் போய்விடுகிறது. இந்த வாரம் எப்படியாவது எழுதிவிடுகிறேன்.

பெயர் குணசேகரன். அம்பத்தூரில் எல்லாருக்கும் குணாண்ணன். அவர் அப்பா காலம்வரை பருத்திப்பட்டில் நெல் போட்ட குடும்பம். அந்த வயலில்தான் இப்போது எங்கள் வீடும் இன்னும் பல பேர் வீடும் இருக்கின்றன. இவர் லேத் வேலைக்குப் போய்விட்டார். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கத்துச் சந்தில் சொந்தமாக இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங் போட்டார். நாலே நாலு மிஷின்தான். ஆனாலும் அதற்குப் பெயர் 'கம்பெனி'. "கம்பெனிக்குப் போய்ட்டு வரேன்" என்று சாப்பாட்டுக் கேரியரோடு கிளம்புவார். நானும் பக்கத்து வீட்டில் "அவர் கம்பெனிக்குப் போயிருக்கார்" என்றுதான் சொல்வேன். பெரிய ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பம்பு செட்டுக்கு ஷாஃப்ட், லாரிக்கு புஷ் என்று வாரம் முழுக்க வேலை ஓடும். சனிக்கிழமை ஆனால் ரேஸ் ஓட்டுகிறவர்கள் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு எல்லாமே மெலிதாக வேண்டும், எடை குறைய வேண்டும், உடையவும் கூடாது. இவர் அலுக்காமல் செய்து கொடுப்பார். மறுநாள் நாங்கள் மூன்று பேரும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, பூந்தமல்லி தாண்டி, மைதானத்துக்குப் போவோம்.

அங்கே அப்போதெல்லாம் ஒரு வாசம் வரும். சில வண்டிகளுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். அது கருகும்போது வீட்டில் எண்ணெய் காய்ச்சுகிற மாதிரி இருக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலன்று தலையில் சூடாக வைத்துத் தேய்க்கிற என் அம்மாவின் கை ஞாபகம் வரும். அத்தனை சத்தத்துக்கு நடுவில் எனக்குத் தூக்கம் சொக்கும். இன்று யாராவது ரேஸ் என்று சொன்னால் எனக்கு வண்டி ஞாபகம் வருவதில்லை. தலைக்கு எண்ணெய் வைத்த கிறக்கம்தான் வருகிறது.

அவரும் ஓட்டியவர்தான். சின்ன வயதில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தபோது லாரி மேல் ஏறி நின்று பார்த்திருக்கிறார். வேலைக்குப் போனபின் இரண்டு மூன்று வருஷம் தானே ஓட்டினார்.

"ஜெயிச்சீங்களா?" என்று கேட்டால், "முடிச்சேன்" என்பார். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான்.

மகள் யாழினி பிறந்ததும் நிறுத்திவிட்டார். "பாப்பாவுக்குத் தலை நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். தலை நின்றது. உட்கார்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். அவர் அதன்பிறகு ரேஸ் வண்டியில் ஏறவே இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று

இதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்த்தாயிற்று. இருந்தாலும் சொல்கிறேன்.

பெண் பார்க்க வந்தார்கள். நான் தட்டோடு கூடத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். என் மாமியார் இடித்துப் பார்க்கிறார். அசையவில்லை. என் அப்பா முகம் கறுத்துவிட்டது.

"மாப்பிள்ளைக்குப் பயணக் களைப்போ?" என்றார் அப்பா, கொஞ்சம் காரமாகவே.

"இல்ல மாமா. உங்க ஃபேனுல பேரிங் போய்க்கினு கீது."

எல்லாரும் மேலே பார்த்தோம். எங்கள் காதுக்கு அது என்றும் போல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கேசரியைப் பார்த்தார். "ஒரு ஸ்டூல் கிடைக்குமா?" என்றார்.

அன்று அவர் என்னை ஒழுங்காகப் பார்த்ததே ஸ்டூலின் மேலிருந்துதான். கையில் கிரீஸோடு, கழற்றிய ஃபேனைப் பிடித்துக்கொண்டு, "இத்த கொஞ்சம் வாங்கிக்கிறியா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

யாரும் தொடக்கூடாது

கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, அது அவருடைய வழக்கம் என்று. மிஷினில் ஏதாவது சந்தேகம் வந்தால் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுப்பார். முனையை மிஷினின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிவிடுவார். உள்ளே சுற்றுகிற ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்குமாம்.

வீட்டிலும் அப்படித்தான். கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், எதையும் விட்டதில்லை. யாழினிக்குச் சின்ன வயதில் வீசிங் வரும். முதுகில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பாள்.

"இன்னாப்பா சொல்லுது?" என்று கிசுகிசுப்பாள்.

"வால்வு நல்லா கீது. ஃபில்ட்டருதான் அடைச்சிக்கினு கீது."

நான் பதறிக்கொண்டு நிற்பேன், அப்பாவும் மகளும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பதறுவது என் பிறவிக்குணம். பள்ளி வேன் கொஞ்சம் தாமதித்தால் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். மகளுக்கு வேலை கிடைத்து அவளே வண்டி ஓட்டிக்கொண்டு போகிற இந்தக் காலத்திலும் காட்டுப்பாக்கம் சிக்னல் தாண்டியதும் எனக்குத் தகவல் வர வேண்டும்.

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் யாரும் தொடக்கூடாது. பேசவும் கூடாது. கம்பெனியில் அது சட்டம். ஏழுமலை என்று ஒருவர். கோவில்பதாகைக்காரர். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து லேத்தில் நிற்பவர். ஒருமுறை அவர், "அண்ணே, போன்" என்று தோளைத் தொட்டுவிட்டார். இவர் கையிலிருந்த, கிரீஸ் துடைக்கிற பனியன் வேஸ்ட் பறந்துபோய் அவர் முகத்தில் விழுந்தது. அதற்கப்புறம் யார் வந்தாலும் ஏழுமலை வாசலிலேயே மறித்துவிடுவார். "இரு மாமே, அண்ணன் கேட்டுக்கினு கீறார்."

நானும் பழகிவிட்டேன். காப்பி ஆறினாலும் ஆறட்டும் என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். மூடிய கண்ணுக்குள் அவர் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். முகம் அவ்வளவு அமைதியாக இருக்கும். சாமி கும்பிடும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

கரண்ட் போனது

அன்று காலையும் கேரியரோடுதான் கிளம்பினார். வாழைக்காய் வறுவல் வைத்திருந்தேன்.

கம்பெனியில் டீ குடித்திருக்கிறார். பெரிய லேத்தில் ஏதோ சத்தம் என்று ஏழுமலை சொல்லியிருக்கிறார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லேத்தை மெதுவாக ஓட விட்டு, ஸ்க்ரூ டிரைவரை வைத்து, காதைச் சாய்த்து, கண்ணை மூடியிருக்கிறார்.

யாரும் தொடவில்லை. யாரும் பேசவில்லை.

ஒரு கஸ்டமர் வந்து வெளியே காத்திருந்தாராம். பிறகு கரண்ட் போயிற்று. லேத் சுற்றிச் சுற்றி, மெல்ல அடங்கி, நின்றது. அவர் நிமிரவில்லை.

அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை எனக்குச் சொன்னவர் தாஸ். மில்லிங் பார்க்கிறவர். ஏழுமலை தூணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மாரடைப்பு என்றார்கள். இன்னும் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். டாக்டர் நல்ல மனுஷர். "பிழைச்சும் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். உறுதியா சொல்ல முடியலம்மா" என்றார்.

யாழினி நேராகத் தூணுக்குப் பின்னால் போனாள். "எவ்வளவு நேரம் மாமா அப்படியே நின்னீங்க?" என்றாள்.

ஏழுமலை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சின்ன வயதில் அவளை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். காரியம் முடிந்த பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கம்பெனிச் சாவியைக்கூட தாஸிடம்தான் கொடுத்தனுப்பினார். நான் வாங்காமல் திருப்பி அனுப்பினேன். வேலை அது பாட்டுக்கு நடக்கட்டும் என்றேன். 

"தூங்குறேன்மா"

அன்றுமுதல் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகக் கண் மூட முடியாது.

யாழினி சோபாவில் சாய்ந்தால் போய் உலுக்கிவிடுவேன். "தூங்குறேன்மா, சாகலை" என்று கத்துவாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி யோசிப்பாள். அப்பா மாதிரியே. என்னால் தாங்க முடியாது. ஒருநாள் மீட்டிங் நடுவில் போய்த் தோளைப் பிடித்து ஆட்டிவிட்டேன். அவள் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் ஸ்கிரீனில் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். "உங்க அம்மாவா? வணக்கம் ஆன்ட்டி" என்று ஒரு பையன் சொன்னானாம்.

பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் தூங்குகிற அன்னியப் பெண்ணையும் உலுக்கியிருக்கிறேன். "ஸ்டாப்பிங் வந்துடுச்சான்னு நினைச்சேன்" என்று சமாளித்தேன்.

யாழினியை வேறொன்று அரித்தது. எவ்வளவு நேரம்? சாப்பிடும்போது கேட்பாள். வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். "அஞ்சு நிமிஷமா, அரை மணியா? அதை மட்டும் அவர் சொல்லட்டும்மா." சிறிது நேரம் என்றால் அவள் அழுது ஆறிவிடுவாள். நெடுநேரம் என்றால் அந்த மனுஷரை வாழ்நாள் முழுக்க மன்னிக்க மாட்டாள். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஹெல்மெட்டை எடுத்தாள்.

"நான் கம்பெனிக்குப் போறேன். இன்னைக்கு அவர் சொல்லித்தான் ஆகணும். இல்லன்னா கம்பெனியை மூடிடலாம்மா. அவர் அந்த லேத் பக்கத்துல நிக்கிறதை நினைச்சாலே எனக்கு எரியுது."

"நானும் வரேன்" என்றேன். அவளைத் தடுக்கிற தைரியம் இல்லை. தனியாக அனுப்புகிற தைரியமும் இல்லை.

சந்துக்குள்

சந்து முனையில் வண்டி திரும்பும்போதே மிஷின் சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஒரு குரல்.

"ஏழுமலை!"

"கீறேன்!"

"தாஸு!"

"கீறேன்!"

ஏதோ சண்டை என்று நினைத்தேன். இறங்கி வாசலில் நின்றோம். எங்களை அவர்கள் கவனிக்கவில்லை. ஏழுமலை லேத்தில் குனிந்திருந்தார். மெலிந்து, சட்டை தொங்கியது. தாஸ் அந்தக் கோடியில் மில்லிங்கில். ஒரு ஜாப் முடிந்து கழற்றிக் கீழே வைத்தார். நிமிர்ந்தார்.

"ஏழுமலை!"

"கீறேன்! தாஸு!"

"கீறேன்!"

தாஸ்தான் முதலில் எங்களைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வா அண்ணி, வா பாப்பா. இன்னா சொல்லாம கொள்ளாம?"

"எதுக்கு தாஸ் இப்படிக் கூப்பிட்டுக்கிறீங்க?"

அவர் ஏழுமலையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னிலேர்ந்து இப்படித்தான் அண்ணி. ஒரு ஜாப் முடிஞ்சா கூப்ட்டுக்கணும். பதில் வரலன்னா மிஷினை நிறுத்திட்டு ஓடியாரணும். ஏழுமலை போட்ட சட்டம். போன வாரம் நான் கக்கூஸ் போயிருந்தேன், கதவை உடைக்க வந்துட்டான். கஸ்டமருங்க எல்லாம் சிரிக்கிறானுங்க. சிரிச்சிட்டுப் போறானுங்க போ."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபிறகு வாயைப் பொத்திக்கொண்டேன்.

யாழினி சிரிக்கவில்லை. ஏழுமலை லேத்தை நிறுத்தியிருந்தார். அவள் அவர் எதிரில் போய் நின்றாள்.

"எவ்வளவு நேரம் மாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"தெரியல பாப்பா. சத்தியமா தெரியல. நெனச்சி நெனச்சிப் பாக்குறேன். ஒரு நேரம் பாத்தா கொஞ்ச நேரந்தான்ற மாதிரி கீது. ஒரு நேரம் பாத்தா நாள் பூரா நின்ன மாதிரி கீது." லேத்தில் கிடந்த இரும்புச் சுருளை ஒதுக்கினார். "இன்னொண்ணு கீது. அது உனக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. அண்ணனுக்கு சரியா கேக்கலையோன்னு, மத்த மிஷினெல்லாம் நிறுத்தச் சொன்னதே நான்தான். இந்த தாஸு மில்லிங் ஓட்டிக்கினு இருந்தான், திட்டி நிறுத்துனேன். எல்லாரும் மூச்சு உடாம நின்னோம். அண்ணன் நல்லா கேக்கட்டும்னு."

தாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த அறையை அப்போது கண்டேன். ஓடாத மிஷின்கள். கூலண்ட் சொட்டுகிற சத்தம். பேசாமல் நிற்கிற மனிதர்கள். நடுவில், மெதுவாகச் சுற்றுகிற ஒரு லேத்தில் தலை சாய்த்து அவர். அவர் எப்படிப் போனார் என்று இத்தனை மாதம் நான் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்த இடம் அதுதான். அவர் தனியாகப் போகவில்லை. பக்கத்தில் எல்லாரும் அவருக்காக நின்றிருக்கிறார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் காப்பியோடு நின்றிருப்பேன். தொட்டிருக்க மாட்டேன்.

இதை வாய்விட்டு ஏழுமலையிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே யாழினியைப் பார்த்தேன். 

 அவள் அவரையே பார்த்தாள். பிறகு திரும்பி, இரும்புத் தடிகள் அடுக்கியிருந்த ரேக்குக்குப் பின்னால், கை கழுவுகிற குழாய்ப் பக்கம் போய்விட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

ஏழுமலைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கத்தில் லேத்தைப் போட்டார். தாஸும் தன் இடத்துக்குப் போனார். சத்தம் நிறைந்தது. ரேக்குக்குப் பின்னால் யாழினி வரவில்லை.  போய் உலுக்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும். ரேக்கை நோக்கி ஒரு எட்டு எடுத்து வைத்தேன்.

"ஏழுமலை!" என்றார் தாஸ்.

"கீறேன்! தாஸு!"

"கீறேன்!"

ஏழுமலை லேத்தின் பிடியில் கை வைத்தபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ரேக்கைப் பார்த்து, பயந்து பயந்து, ஆனால் உரக்கக் கூப்பிட்டார்.

"பாப்பா!"

பதில் இல்லை. அவர் கை லேத்தை நிறுத்தப் போனது.

"கீறேன் மாமா" என்று ரேக்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அழுத குரல். மூக்கடைத்த குரல்.

ஏழுமலை மூச்சு விட்டார். அவர் தோள் இரண்டும் இறங்குவது எனக்குத் தெரிந்தது. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார், ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு முதல்முறையாக.

"அண்ணி!"

"இருக்கேன் ஏழுமலை" என்றேன்.

லேத் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.